கணிப்பொறிக்கு எஜமான் யார்?

நம் கல்லூரி நூலகத்திலிருந்து எடுத்துச் சென்ற புத்தகத்தை, நூலகர் நள்ளிரவில் வீடு புகுந்து எடுத்துப் போவதில்லை. தாமதமானால் அபராதம் உண்டு, அவ்வளவே. ஆனால் 2009 ஜூலையில் அமெரிக்காவில் ஏறக்குறைய அப்படியே நடந்தது. அமேசான் நிறுவனத்தின் 'கிண்டில்' என்னும் மின்னூல் கருவியில் வாசகர்கள் காசு கொடுத்து வாங்கி வைத்திருந்த நூல்கள், அவர்களைக் கேளாமலே தொலைவிலிருந்து அழிக்கப்பட்டன. அவற்றை விற்பனைக்கு அளித்தவருக்குப் பதிப்புரிமை இல்லையாம். பணம் திருப்பித் தரப்பட்டது. நிறுவனத் தலைவர் ஜெஃப் பெசோஸ் மன்னிப்பும் கேட்டார். பாடத்திற்காகக் குறிப்பெழுதி வைத்திருந்த பள்ளி மாணவர் ஒருவருக்கு அக்குறிப்புகள் பயனற்றுப் போயின. அழிந்த நூல்கள் எவை தெரியுமா? ஜார்ஜ் ஆர்வெலின் '1984', 'விலங்குப் பண்ணை'. ஆட்சிக்கு ஒவ்வாத ஏடுகளை எரித்துச் சுவடில்லாமல் ஆக்கும் அரசைப் பற்றியது முதல் நாவல்!

மன்னிப்பு இருக்கட்டும். அழிக்கும் ஆற்றல் அக்கருவிக்குள் முன்பே இருந்ததல்லவா? வாங்கியவர் அதனைத் திறந்து பார்த்து அறிய வழியில்லை. மனிதர் எழுதும் மூலநிரல் ஒரு வடிவம். இயந்திரம் மட்டுமே படிக்கும் எண்கோவை இன்னொரு வடிவம். விற்பவர் முன்னதைப் பூட்டி வைத்துப் பின்னதை மட்டும் நம்மிடம் தருகிறார்.

இப்பூட்டை எதிர்த்தவர் ரிச்சர்டு ஸ்டால்மன். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஆய்வுக்கூடத்தில் அச்சுப்பொறியில் காகிதம் சிக்கினால் அனைவருக்கும் செய்தி போகும்படி அவர் நிரலைத் திருத்தியிருந்தார். பின்னர் வந்த புதிய அச்சுப்பொறிக்கு மூலநிரல் கிடைக்கவில்லை. 1983 செப்டம்பரில் 'க்னூ' திட்டத்தை அவர் அறிவித்தார். எதற்காகவும் இயக்குதல், ஆராய்ந்து திருத்துதல், படியெடுத்துப் பகிர்தல், திருத்தியதையும் பகிர்தல் என்னும் நான்கு சுதந்திரங்களும் உள்ளதே கட்டற்ற மென்பொருள். ஆங்கிலச் சொல்லான 'ஃப்ரீ' இலவசத்தையும் சுதந்திரத்தையும் ஒருங்கே குறிப்பதால் அவர்கள் இன்றும் விளக்கிக்கொண்டே இருக்கிறார்கள். தமிழில் இத்தொல்லை இல்லை. காசு வாங்கி விற்றாலும் அது கட்டற்றதே.

2017 ஆகஸ்ட் 24 அன்று, அந்தரங்கம் அடிப்படை உரிமையே என்று நம் உச்ச நீதிமன்றத்தின் ஒன்பது நீதிபதிகள் ஒருமனதாகத் தீர்ப்பளித்தனர். சட்டப்படி உரிமை வந்துவிட்டது. ஆனால் சட்டைப்பையில் இருக்கும் தொலைபேசி யாருக்கு எதைச் சொல்கிறது என்பதைப் பார்க்க முடியாதவன் அவ்வுரிமை மீறப்பட்டதை எப்படி அறிவான்?

'எல்லோரும் பார்க்கலாம் என்றால் திருடனும் பார்ப்பானே' என்று நண்பர்கள் கேட்பதுண்டு. நியாயமான கேள்விதான். லினக்ஸ் கணிப்பொறிகளில் பயன்படும் 'எக்ஸ்ஸெட்' என்னும் கட்டற்ற மென்பொருளில், நீண்ட நாள் உதவி செய்து நம்பிக்கை பெற்ற ஒருவர் கள்ளவழி ஒன்றை நுழைத்துவிட்டார். தொலைவிலிருந்து உள்நுழைவதற்கு அரை விநாடி கூடுதலாவதைக் கவனித்த ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்டு என்ற பொறியாளர், நிரலைத் துருவித் துருவி 2024 மார்ச்சில் அதைக் கண்டுபிடித்தார். அவர் அந்த மென்பொருளை எழுதியவரல்லர். பூட்டிய நிரலாயின் புகார்க் கடிதம் ஒன்று எழுதிவிட்டு அவர் காத்திருக்க நேர்ந்திருக்கும்.

எனினும் ஒரு சிக்கலுக்கு என்னிடம் விடையில்லை. என் கணிப்பொறியில் உள்ளதெல்லாம் கட்டற்ற மென்பொருளே. என் கடிதங்களோ வேறொருவர் கணிப்பொறியில் கிடக்கின்றன. 2007இல் வெளியான 'அஃபெரோ' பொது உரிமத்தின்படி, வலையமைப்பு வழியே சேவை தரும் மென்பொருளின் மூலநிரலையும் பயன்படுத்துவோர் கேட்டுப் பெறலாம். நிரல் கைக்கு வரும். கடிதங்கள் அங்கேதான் இருக்கும்.