கணினிக்குள் ஒரு கடிகாரச் சரித்திரம்

கணினியைப் படங்காட்டும் பெட்டியாகவும் கடிதம் எழுதும் கருவியாகவுமே கொள்வோர் பலர். கரிய திரையிற் கட்டளைகளைத் தட்டெழுதி அதனோடு உரையாடும் பழைய வழியொன்றும் உண்டு. லினக்ஸ் போன்ற அமைப்புகளில் அவ்வழி இன்றும் உயிர்ப்புடன் விளங்குகின்றது. அதிற் புகுவோர்க்குச் சிறு புதையல்கள் அடிக்கடி அகப்படும். 'கால்' என்னும் நாட்காட்டிக் கட்டளையிடம் 1752 ஆம் ஆண்டு செப்டெம்பரைக் கேட்டால், 2 ஆந் தேதிக்கு அடுத்து 14 ஆந் தேதி நிற்கும். ஆங்கில அரசு நாட்காட்டியை மாற்றியபோது கைவிட்ட பதினொரு நாட்களை அங்கே காணோம். இஃது உலகறிந்த வேடிக்கை. நம் ஊவாக் குடும்பங்களுக்கு நேரே பயன்படுவது வேறொன்று.

'இசட்டம்ப்' என்னுங் கட்டளையுடன் 'வீ' என்ற குறியையும் 'ஏசியா/கொலம்போ' என்ற பெயரையும் சேர்த்து இட்டால், இலங்கைக் கடிகாரம் முன்னும் பின்னும் நகர்ந்த வரலாறு முழுவதும் திரையில் விரியும். ஒவ்வொரு மாற்றத்துக்கும் முந்திய வினாடி ஒரு வரி. அடுத்த வினாடி மற்றொரு வரி. ஆதர் டேவிட் ஓல்சன் என்பார் தொடக்கி, போல் எகர்ட் என்பார் பேணிவரும் உலக நேரவலயத் தரவுத்தளமே இதற்கு மூலம். நம் கைத்தொலைபேசிகளும் அதனையே நம்பியுள்ளன.

கொழும்பின் பழைய தல நேரம் 5 மணி 19 நிமிடம் 24 வினாடி. 1880 முதல் 1906 வரை மொறட்டுவை நேரமென எட்டு வினாடி கூடிய ஒன்று! 1906 இல் ஐந்தரை மணி. 1942 இல், யுத்த காலத்தில், இருமுறை அரைமணி ஏற்றப்பட்டு, 1945 இல் பழைய நிலை திரும்பியது.

நமக்கு வேண்டிய பகுதி இனித்தான் வருகின்றது. 1996 இல் மழை பொய்த்து, நீர்மின் தேக்கங்கள் வற்றின. மாலை விளக்குச் செலவைக் குறைக்கும் பொருட்டு மே 25 ஆந் தேதி கடிகாரம் ஒரு மணி முன்தள்ளப்பட்டது. மலைச்சரிவுகளிற் காலை ஆறு மணி இருள் மணியாயிற்று. அக்டோபர் 26 இல் அரைமணி மட்டும் திருப்பித் தரப்பட்டது. எஞ்சிய அரைமணி 2006 ஏப்ரல் 15 இலேதான் வந்து சேர்ந்தது.

இவ்விடைப்பட்ட காலத்திற் பிறந்தோர் பலருக்கு இன்று மணப்பொருத்தம் பார்க்கின்றனர். இலக்கினம் ஓர் இராசியைக் கடக்க ஏறத்தாழ இரண்டு மணி நேரம் ஆகும். ஆகவே அரைமணியைக் கழிக்க மறந்தால், நால்வரில் ஒருவருக்கு இலக்கினமே மாறிவிடும். 1996 இன் அந்த ஐந்து மாதத்தார்க்கோ இருவரில் ஒருவருக்கு. சாதகத்தில் நம்பிக்கையில்லாதோர் நகைக்கலாம். அதனாற் கலைந்த சம்பந்தம் நகைப்புக்குரியதன்று. கணினியிற் கணிக்குஞ் சோதிடர் மற்றோர் எச்சரிக்கையும் கொள்க: மென்பொருள் தானே கழித்துக்கொள்வதாயின், நாமும் கழித்தல் இரட்டைப் பிழையாம். நவம்பர் 1998, காலை 6 மணி என்று கொடுத்து, உலகப் பொது நேரம் நள்ளிரவு 12 எனக் காட்டுகின்றதா என்று சோதித்தால் உண்மை தெரியும். 12.30 எனக் காட்டுமாயின் அது பழைய ஐந்தரையையே கொண்டு கணித்திருக்கின்றது.

பதுளை கிழக்கு நெடுங்கோடு ஏறக்குறைய 81 பாகை 3 கலையில் உள்ளது. பாகைக்கு நான்கு நிமிடமாகப் பெருக்கின், நமது தல நேரம் 5 மணி 24 நிமிடம். ஐந்தரை மணி நேரத்திலும் ஏறத்தாழ ஆறு நிமிடம் குறைவு. இது தனிக் கணக்கு; அரைமணியோடு கலத்தலாகாது.

கட்டளை சொல்லாத செய்தியும் ஒன்று உண்டு. விடுதலைப் புலிகளின் ஆட்சியிலிருந்த வன்னிப் பகுதிகளில் 1996 இன் மாற்றம் ஏற்கப்படவில்லை. அங்கே பழைய நேரமே வழங்கியது. தரவுக் கோப்பைத் திறந்து, வரிகளுக்கு இடையே எழுதியுள்ள குறிப்புகளைப் படிப்போர் இதனை அறிவர். அங்கு பிறந்து இங்கு மணம்பேச வருவோர்க்கு எதனையுங் கழிக்க வேண்டியதில்லை. 1996 அக்டோபர் 26 நள்ளிரவு 12.10 க்குப் பிறந்த குழந்தைக்கோ, அந்நேரம் இருமுறை வந்தமையால், எந்த 12.10 என்பதைத் தாயைக் கேட்டே அறிதல் வேண்டும்.