சுண்ணப் படிகமும் அகச்சிவப்பு ஒளியும்: இயற்கை அதிபரவளையப் பொருள்களின் உட்கவர் திறன்

ஆய்வுச்சுருக்கம்

திசைக்குத் திசை ஒளியியல் பண்பு மாறும் சில இயற்கைப் படிகங்கள், அகச்சிவப்பு ஒளியை மிக மெல்லிய படலத்திலேயே உட்கவர வல்லவை. அவற்றின் செயல்முறையைக் கால்சைட் படிகத்தின் வழி இக்கட்டுரை விளக்குகிறது. மயிலாப்பூரின் பழைய வீடுகளில் காணப்படும் சுண்ணச் சுவர்களுக்கு இப்பண்பு பொருந்துமா என்பதையும் ஆராய்கிறது.

திறவுச்சொற்கள்: அகச்சிவப்பு, அதிபரவளையப் பொருள், கால்சைட், உட்கவர்தல், சுண்ணச்சாந்து

1. முன்னுரை

சென்னைச் சுண்ணச்சாந்து பளிங்கு போன்ற பளபளப்புக்குப் பெயர் பெற்றது. கிளிஞ்சலைச் சுட்டு நீற்றிய சுண்ணாம்பு, சுவரில் பூசப்பட்டபின் காற்றிலுள்ள கார்பன் டைஆக்சைடை ஏற்றுக் கால்சியம் கார்பனேட்டாக இறுகுகிறது. அவ்வாறு உருவாகும் படிகமே கால்சைட். இது ஒரு கோட்டை இரண்டாகக் காட்டும் இரட்டை ஒளிவிலகலுக்குப் புகழ்பெற்றது. இதன் இரு ஒளிவிலகல் எண்கள் 1.658, 1.486 ஆகும். படிக ஒளியியல் சென்னைக்குப் புதிய துறையன்று. 1952இல் சென்னைப் பல்கலைக்கழகத்தில் பொறுப்பேற்ற கோ. நா. இராமச்சந்திரன், எஸ். இராமசேஷனுடன் இணைந்து எழுதிய படிக ஒளியியல் பற்றிய விரிவான கட்டுரை 1961இல் ஜெர்மானிய இயற்பியல் கையேட்டில் வெளிவந்தது.

2. உட்கவர்தலில் உள்ள சிக்கல்

படிகத்தின் அணுக்கள் குறிப்பிட்ட அதிர்வெண்களில் அதிர்கின்றன. அதே அதிர்வெண்ணுடைய அகச்சிவப்பு ஒளி வந்தால் அவ்வதிர்வு வலுப்பெறும். அங்கே உட்கவர்தலும் மிகும் என்று எதிர்பார்ப்போம். ஆனால் அந்த அதிர்வெண்ணை அடுத்த ஒரு பட்டையில் படிகத்தின் விடுதிறன் எதிர்க்குறி பெறுகிறது. அப்போது படிகம் உலோகம்போல் நடந்து, ஒளியைப் பெரிதும் திருப்பி அனுப்பிவிடுகிறது. உள்ளே நுழையாத ஒளியை உட்கவர இயலாது. ஆகவே வலிய அதிர்வு மட்டும் நல்ல உட்கவரியை உருவாக்கிவிடாது. ஒளிக்கு வாயிலும் திறக்க வேண்டும்.

3. அதிபரவளையப் பண்பு

கால்சைட்டில் அதிர்வுகள் எல்லாத் திசையிலும் ஒன்றாக இல்லை. ஏறத்தாழ 11.2 முதல் 11.5 மைக்ரோமீட்டர் வரை, ஒளியச்சின் திசையில் மட்டும் விடுதிறன் எதிர்க்குறி பெறுகிறது. ஏறத்தாழ 6.5 முதல் 7.1 மைக்ரோமீட்டர் வரை, அச்சுக்குச் செங்குத்தான திசைகளில் மட்டும் எதிர்க்குறி பெறுகிறது. அதாவது, ஒரே படிகம் ஒரு திசையில் உலோகம்போலவும் மறுதிசையில் மின்காப்பான்போலவும் நடக்கிறது.

சாதாரணப் படிகத்தில் அலை எண்களின் வரைபடம் வட்டமாகவோ நீள்வட்டமாகவோ மூடியிருக்கும். இங்கு அது மூடாத அதிபரவளையமாக விரிகிறது. அதனால் அலைநீளம் மிகச் சுருங்கிய அலைகளும் படிகத்துள் செல்ல முடிகிறது. ஒளியச்சு பரப்புக்குத் தக்க கோணத்தில் சாயுமாறு படிகத்தை வெட்டினால், உட்புகுந்த ஆற்றல் ஆழத்திற்குச் செல்லாமல் பரப்பை ஒட்டியே நெடுந்தொலைவு பாயும். மெல்லிய படலத்திலேயே வெப்பமாகும். சாய்வையும் ஒளி விழும் கோணத்தையும் பொருத்தினால் தெறிப்பும் வெகுவாகக் குறையும்.

செயற்கை மீப்பொருள்களில் இப்பண்பைப் பெற உலோகத்தையும் மின்காப்பானையும் நுண்ணடுக்குகளாக மாறி மாறிப் படிய வைக்க வேண்டும். இயற்கைப் படிகங்களில் அணு அமைப்பே அப்பணியைச் செய்கிறது. அறுகோண போரான் நைட்ரைடு 6.2 முதல் 7.3 மைக்ரோமீட்டர் வரையிலும், 12.1 முதல் 13.2 வரையிலும் அதிபரவளையப் பண்புடையது. ஆல்ஃபா மாலிப்டினம் டிரைஆக்சைடில் மூன்று அச்சுகளும் வேறுபடுவதால், ஒளியின் முனைவாக்கத் திசையைத் திருப்பினாலே உட்கவரும் அளவு மாறும். முனைவாக்கத்தைப் பிரித்தறியும் அகச்சிவப்பு உணரிகளுக்கு இது பயன்படும்.

4. சுண்ணச் சுவருக்குப் பொருந்துமா?

நன்கு உட்கவரும் பொருள் அதே அலைநீளத்தில் நன்கு உமிழும் என்பது கிர்க்காஃப் விதி. 30 பாகை செல்சியசில் உள்ள சுவரின் உமிழ்வு 9.6 மைக்ரோமீட்டர் அருகே உச்சம் பெறும். வளிமண்டலம் ஓரளவு வழிவிடும் 8 முதல் 13 மைக்ரோமீட்டர் வரையிலான சாளரத்தினுள் இது அடங்கும். கால்சைட்டின் 11.4 மைக்ரோமீட்டர் பட்டையும் அதனுள்ளேயே உள்ளது. எனவே, பழைய வீடுகளின் குளிர்ச்சிக்கு அதிபரவளையப் பண்பே காரணம் என்று கூறத் தோன்றலாம். அது பிழை.

சாந்தில் எண்ணற்ற நுண்படிகங்கள் எல்லாத் திசைகளிலும் சிதறிக் கிடக்கின்றன. அச்சுகள் ஒருமுகப்படாமையால் திசைவேறுபாடு சராசரியில் மறைந்துவிடும். வெண்மை வெயிலைத் திருப்புவதும், பூச்சின் தடிமன் அப்பட்டைக்கு வெளியிலும் ஒளியை உட்கவர்ந்து உமிழ்வதும், கனத்த சுவர் வெப்பத்தைத் தாமதப்படுத்துவதுமே உண்மையான காரணங்கள். மேலும், கடலோரச் சென்னையின் ஈரக்காற்று அச்சாளரத்தை ஓரளவு மூடுவதால், வறண்ட நிலப்பகுதிகளில் கிடைக்கும் அளவு உமிழ்வுக் குளிர்ச்சி இங்குக் கிடைப்பதில்லை.

5. முடிவுரை

ஒற்றைப் படிகமாக, உரிய திசையில் வெட்டப்பட்டால் மட்டுமே கால்சைட் தேர்ந்த உட்கவரியாகும். அதே பொருள் சாந்தாகும்போது வேறு வழிகளில் பயன் தருகிறது. பொருள் ஒன்றே, அதன் ஒழுங்கே பண்பை முடிவுசெய்கிறது. இவ்வேறுபாட்டை உணராமல் மரபுக் கட்டுமானத்தின்மீது நவீன அறிவியலை ஏற்றிப் போற்றுவது இரண்டுக்கும் நீதி செய்வதாகாது. சுண்ணச்சாந்தின் மதிப்பை அதன் மெய்யான பண்புகளே போதிய அளவு நிறுவுகின்றன.