மழைத் தண்ணீரில் நிற்கும் பில்லர் பாக்ஸ்... ‘ஃபியூஸ் போகலையே’ என்று நம்பி பக்கத்தில் போகலாமா?

வடகிழக்குப் பருவமழை வந்துவிட்டால் சென்னைத் தெருக்களில் தண்ணீர் தேங்குவது புதிதல்ல. அந்தத் தண்ணீரில் நிற்கும் பில்லர் பாக்ஸை உரசிக்கொண்டே நடப்பவர்களும் உண்டு. “கரண்ட் லீக் ஆகியிருந்தா ஃபியூஸ் போயிருக்குமே” என்ற நம்பிக்கைதான். சிக்கலே அங்கேதான்.

ஃபியூஸ் இருப்பது மனிதரைக் காப்பாற்ற அல்ல, கேபிள் சூடாகி எரிந்துவிடாமல் இருக்க. பல வீடுகளுக்கு மின்சாரத்தைப் பிரித்துக் கொடுக்கும் பெட்டியில், பல பத்து ஆம்பியர் பாய்ந்தால்தான் அது உருகும். ஆனால் 0.1 ஆம்பியர் சில நொடிகள் உடம்பு வழியாகப் போனாலே இதயத் துடிப்பு தாறுமாறாகி உயிர் போகலாம். அதாவது, வாசலில் ஒருவருக்கு ஷாக் அடிக்கும்போதும் தெரு முழுக்க லைட் எரிந்துகொண்டுதான் இருக்கும்.

சரி, வீட்டில் ஆர்.சி.சி.பி. மாட்டியிருக்கிறோமே? பொதுவாக 30 மில்லி ஆம்பியர் கசிந்தாலே ட்ரிப் ஆகும் கருவி அது. கட்டாயம் தேவைதான். ஆனால் தனக்குப் பின்னால் உள்ள வீட்டு வயரிங்கை மட்டுமே அது கவனிக்கும். தெருவில் உள்ள பெட்டியும் கம்பமும் அதன் கணக்கில் வராது.

அறுந்து விழுந்த கம்பி இன்னும் மோசம். தொட வேண்டும் என்றுகூட இல்லை. கம்பி தரையைத் தொடும் இடத்தில் வோல்டேஜ் அதிகம், தள்ளிப்போகப் போக குறையும். அகலக் கால் வைத்தால் இரண்டு பாதங்களுக்கும் இடையே வோல்டேஜ் வித்தியாசம் வந்து, கால் வழியாக மின்சாரம் பாயும். மாடுகளுக்கு முன்காலுக்கும் பின்காலுக்கும் இடைவெளி அதிகம் என்பதால் ஆபத்தும் அதிகம். அருகில் மாட்டிக்கொண்டால் ஓடாதீர்கள். கால்களை ஒட்டி வைத்து, தரையோடு தேய்த்தபடி சின்னச் சின்னதாக நகர்ந்து, குறைந்தது 30 அடி தள்ளிப் போங்கள். ஏரியாவில் கரண்ட் இல்லை என்று அலட்சியம் வேண்டாம், எந்த நொடியும் சப்ளை திரும்ப வரலாம்.

யாராவது விழுந்து கிடந்தால் ஓடிப்போய்த் தூக்கத்தான் தோன்றும். சப்ளையை நிறுத்தாமல் தொட்டால் இன்னொரு உயிரும் போகலாம்.

மழை இல்லாத நாளிலும் ஸ்டே கம்பியில் ஆடு, மாடு கட்டுவதும், மின்கம்பத்தில் துணிக்கொடி இழுப்பதும் வேண்டாம்.

பெட்டிக் கதவு திறந்திருந்தாலோ, கம்பி தொங்கினாலோ ‘மின்னகம்’ எண் 94987 94987-ஐ 24 மணி நேரமும் அழைக்கலாம். கம்பத்தில் எண் எழுதியிருந்தால், தள்ளி நின்றே படித்துச் சொல்லுங்கள்.