உரம் சுமக்கும் வேலிமரம்

தெமோதரைப் புகையிரத நிலையத்தின் அடியிலேயே சுரங்கம் குடைந்து, வளைந்து வரும் பாதையை அதனுள் நுழைத்த விந்தையைக் காணப் பலர் வருகின்றனர். அவர்களுள் சரிவுகளில் நிற்கும் கிளிரிசீடியா மரத்தை ஏறிட்டு நோக்குவோர் எத்தனை பேர்? சீமைக்கிளுவை என்றும் இதனைச் சொல்வர். மெக்சிக்கோவும் மத்திய அமெரிக்காவும் இதன் தாயகம். கொப்பை வெட்டி ஊன்றினாலே தளிர்த்துவிடும். வேலிக்கும் நிழலுக்கும், தழை உரத்துக்கும், விறகுக்கும் ஆகும் இந்த எளிய மரத்துக்கு நம் நாட்டு விஞ்ஞானிகள் புதியதொரு வேலை கொடுத்துப் பார்த்தனர்.

மலைச்சரிவில் உரமிடுவதன் சங்கடம் தோட்டத்தில் வாழ்வோர்க்குப் புதிதன்று. யூரியா நீரில் விரைந்து கரைவது. உரமிட்ட மறுநாளே பெருமழை கொட்டினால், செடிக்குச் சேரவேண்டியது ஓடைக்குப் போகும். ஓடையிலிருந்து பதுளை ஓயாவுக்கும், அங்கிருந்து மகாவலிக்கும் போகும். எஞ்சியதிலும் ஒரு பங்கு வாயுவாக மாறிக் காற்றிற் கலக்கும். செடிக்கு ஊட்டமில்லையேல் கொழுந்து குறையும். கொழுந்து குறைந்தால் நிறுவையில் கிலோ குறையும். கிலோ குறைந்தால் முழுப்பேர் அரைப்பேராகும். 2021 ஆம் ஆண்டில் இரசாயன உர இறக்குமதி தடைசெய்யப்பட்ட மாதங்களில், உரத்தின் அருமையை எவரும் எடுத்துச் சொல்ல வேண்டியிருக்கவில்லை.

உரத்தைச் சிறுகச் சிறுகக் கொடுக்க வழியுண்டா? இங்கேதான் மரம் துணைக்கு வருகிறது.

மரம் வெளிப்பார்வைக்குக் கட்டியான பொருள். உள்ளேயோ எண்ணற்ற நுண்குழாய்கள். வேர் உறிஞ்சும் நீரை மேலேற்றுவன அவையே. அக்குழாய்களின் சுவர்களுக்கு உறுதி தருவது செலுலோசு. 1838 இல் பிரான்சு நாட்டு இரசாயனர் அன்செல்ம் பாயென் பிரித்தறிந்த பொருள் இது. இதன் மிக மெல்லிய இழை சில நனோமீற்றர் தடிப்பே உடையது. ஒரு மீற்றரை நூறு கோடி கூறாக்கினால் ஒரு கூறே நனோமீற்றர்! இத்துணை நுட்பமாக ஓர் அச்சை ஆலையிற் செய்வது எளிதன்று. செடியோ வெயிலையும் நீரையும் கொண்டே செய்துவிடுகிறது. 2003 இல் ஜப்பானில் ஹுவாங், குனிட்டாக்கே என்போர் பாடசாலை ஆய்வுகூடங்களில் நாம் காணும் வடிதாளை எடுத்து, அதன் இழைகள்மேல் தைத்தேனியம் ஒட்சைட்டை மெல்லெனப் பூசி, பின்பு தாளை எரித்துவிட்டனர். தாள் போயிற்று; அதன் நுண்வடிவம் அப்படியே ஒட்சைட்டுக் குழாய்களாக நின்றது. பணியாரக்கல்லில் மாவூற்றுவது போன்ற வேலைதான். கல்லையே எரித்துவிடுவதுதான் வேறுபாடு.

நம்மவர் மரத்தை எரிக்கவில்லை, பாத்திரமாக்கினர். 2008 இல் தோன்றிய இலங்கை நனோ தொழினுட்ப நிறுவனத்தைச் சார்ந்து, நில்வலா கொத்தேகொடவும் உடன் ஆய்வாளரும் 2011 இல் இம்முறையை வெளியிட்டனர். நம் எலும்பிலும் பல்லிலும் உள்ள கல்சியம் பொசுபேற்று வகையான ஐதரொட்சியபற்றைற்றை நனோத் துணிக்கைகளாக்கி, அவற்றின்மேல் யூரியாவைப் பற்றவைத்து, கிளிரிசீடியாவின் மென்மரக் குழிகளுக்குள் அழுத்தத்தாற் செலுத்தினர். யூரியாவைத் துணிக்கை பிடித்துக்கொள்கிறது. துணிக்கையை மரம் காக்கிறது.

வெவ்வேறு உயரங்களிலுள்ள நிலங்களிலிருந்து, பீ.எச். 4.2, 5.2, 7 என்னும் மூவகை மண்ணில் இதனைச் சோதித்தனர். தேயிலை விரும்புவது புளிப்பு மண் என்பதை மாணவர் அறிவர். சாதாரண உரம் தொடக்கத்திலேயே நைதரசனை வாரியிறைத்து, ஏறத்தாழ முப்பதாம் நாள்வரை ஒழுங்கின்றிச் சிறிது சிறிது தந்தது. மரத்துள் அடைத்த உரமும் முதலில் ஓரளவு மிகுதியாகவே விட்டது. ஆயினும் அறுபதாம் நாளிலும் அதிலிருந்து நைதரசன் வந்துகொண்டிருந்தது.

இது மண்ணிற் செய்த சோதனையே. கொழுந்தை நிறுத்துப் பார்த்ததன்று. 2017 இல் இதே துறை ஆய்வாளர், மரத்தை விடுத்து, யூரியாவும் ஐதரொட்சியபற்றைற்றும் சேர்ந்த உரத்தை நெல்வயலில் இட்டபோது, பாதியளவு யூரியாவிலேயே விளைச்சல் கூடிற்று. ஆனால் வயல் சமதரை, மலை அப்படியன்று. குறுணி உரம் சரிவில் உருண்டோடும். மண்ணில் புதைத்த மரத்துண்டு இட்ட இடத்திலேயே கிடக்கும். எனவே தேயிலை மலைக்கு அந்தப் பழைய 2011 முறையே பொருத்தமென எனக்குத் தோன்றுகிறது. அழுத்தி அடைக்கும் செலவு எவ்வளவென்பதே தோட்ட நிர்வாகங்கள் முதலிற் கேட்கும் கேள்வியாயிருக்கும். மரத்துக்குக் குறைவில்லை, வெட்டினால் மறுபடியும் தளிர்க்கிறது.