பெயர்ப்பலகையின் பின்னே ஒரு கல்சிங்கம்

மும்பை சத்ரபதி சிவாஜி மகாராஜ் ரயில் நிலையத்தில் இறங்கி, தாதாபாய் நௌரோஜி சாலை வழியாக ஃபுளோரா நீரூற்று வரை மழைக்காலத்தில் நடந்து சென்ற வாசகர்களுக்கு ஓர் அனுபவம் நினைவிருக்கும். குடை இல்லாமலே பெரும்பகுதி தூரத்தைக் கடந்துவிடலாம். கட்டடத்துக்குக் கட்டடம் முகப்பு வேறு, கல் வேறு, கட்டிய காலமும் வேறு. ஆனாலும் தரைத்தளத்து வளைவுத் தாழ்வாரங்கள் ஒன்றோடொன்று கைகோத்து நீண்டு செல்கின்றன.

இந்த ஒழுங்கு தற்செயலாக வந்ததன்று. 1860களில் பழைய கோட்டை மதில்கள் இடிக்கப்பட்டபின் ஹார்ன்பி சாலை என்ற பெயரில் விரிவடைந்த தெரு இது. கட்டடம் எழுப்புவோர் அனைவரும் தரைத்தளத்தில் பாதசாரிகளுக்கென வளைவுத் தாழ்வாரம் விட்டே தீர வேண்டும் என்று 1896இல் ஒரு விதி கொண்டுவரப்பட்டது. நிலம் தனியாருடையது, முகப்பின் அழகு கட்டுபவரின் விருப்பம், தாழ்வாரம் மட்டும் ஊருக்குச் சொந்தம் என்பதே அதன் உட்பொருள். நூற்றாண்டு கடந்தும் அந்த விதியின் நிழலில்தான் மக்கள் நடந்துகொண்டிருக்கிறார்கள்.

இருபது ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் பயிற்சி அலுவலர்களாக இச்சாலைக் கிளை ஒன்றில் பணிக்குச் சேர்ந்தபோது, அந்த வளைவுகள் எங்கள் கண்ணில் படவே இல்லை. கண்ணில் பட்டவை பெயர்ப்பலகைகளே. துணிக்கடை, மூக்குக் கண்ணாடிக் கடை, பயண முகவர், தட்டச்சுப் பள்ளி என ஒவ்வொருவரும் அடுத்தவரைவிட ஒரு சாண் பெரிதாக வைத்திருந்தனர். அனைவரையும் விஞ்சியது எங்கள் வங்கியின் பலகைதான். இரண்டு வளைவுகளை முழுவதுமாக மறைத்து, இரவில் நீல ஒளி வீசிக்கொண்டிருந்த அதை நாங்கள் பெருமையுடன் அண்ணாந்து பார்த்ததுண்டு.

அக்காலத்தில்தான் பாதுகாப்புக் கட்டடக் கலைஞர் ஆபா நாராயண் லாம்பா இச்சாலையின் பெயர்ப்பலகைகளுக்கும் தெருத் தளவாடங்களுக்கும் நெறிமுறைகளை வகுத்திருந்தார். பலகைகள் வளைவின் திறப்புக்குள் அடங்க வேண்டும். தூண், போதிகை, சிற்ப வேலைப்பாடு எதையும் மறைத்தல் ஆகாது. மாநகராட்சி இதைக் கையிலெடுத்தது. கடைக்காரர்களோடு கூட்டங்கள் நடந்தன. அரசு மானியத்தை எதிர்பாராமல் தம் சொந்தச் செலவில் பலகையை மாற்றிக்கொண்ட சிறு வணிகர்கள் பலர். மூக்குக் கண்ணாடிக் கடைக்காரர் ஒரே வாரத்தில் மாற்றிவிட்டார். எங்களுக்கோ வட்டார அலுவலகத்தின் ஒப்புதல், விளம்பரப் பிரிவின் ஒப்புதல், வளாகப் பிரிவின் ஒப்புதல் என்று எட்டு மாதங்கள் ஆயின. இச்சாலைத் திட்டம் பின்னர் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருதுகளில் இடம்பெற்றபோது நாங்களும் மகிழ்ந்தோம். எங்கள் பங்கு எவ்வளவு என்பதை வெளியில் சொல்லிக்கொள்ளவில்லை.

மாநகராட்சிக்கு இந்த அதிகாரம் எங்கிருந்து வந்தது? நினைவுச்சின்னம் என்றாலே மத்தியத் தொல்லியல் துறையின் நீலப் பலகைதான் நம் மனத்தில் தோன்றும். அத்துறை கோயில்களையும் கோட்டைகளையும் கல்லறைகளையும் காக்கும். மக்கள் குடியிருக்கும், கடை நடத்தும், கடன் வாங்கும் கட்டடங்களை யார் காப்பது? இக்கேள்விக்கு இந்திய நகரங்களில் முதன்முதலாகச் சட்ட வடிவில் விடை கண்டது மும்பைதான். 1995 ஏப்ரலில் பெருநகரப் பம்பாய்க்கான பாரம்பரிய ஒழுங்குவிதிகள் அறிவிக்கப்பட்டன. நகரின் வளர்ச்சிக் கட்டுப்பாட்டு விதிகளிலேயே அவை சேர்க்கப்பட்டதால், கட்டட அனுமதி வழங்கும் அதே மேசையிலிருந்து பாதுகாப்பும் தொடங்கியது. அறுநூறுக்கும் மேற்பட்ட இனங்கள் பட்டியலில் இடம்பெற்றன. மாநகராட்சி ஆணையருக்கு ஆலோசனை கூற மும்பை பாரம்பரியப் பாதுகாப்புக் குழு அமைந்தது. ஆணையர் அமர்ந்து கையொப்பமிடும் தலைமையகமே ஒரு பாரம்பரியக் கட்டடம் என்பது இதில் ஒரு சுவை. எஃப்.டபிள்யூ. ஸ்டீவன்ஸ் வடிவமைத்து 1893இல் முடிவுற்ற மாளிகை அது.

பட்டியலில் சேர்ந்துவிட்டால் ஓர் ஆணியும் அடிக்க இயலாது என்ற அச்சம் பரவலாக உண்டு. உண்மை அவ்வாறன்று. முதல் தரக் கட்டடங்களில்தான் வலுப்படுத்தத் தேவையானவை தவிர அகத்தும் புறத்தும் கை வைக்க இயலாது. இரண்டாம் தரம் ‘அ’, ‘ஆ’ என இரு பிரிவாகும். உட்புற மாற்றத்துக்கும் புதிய பயன்பாட்டுக்கும் அங்கே வழி உண்டு. ‘ஆ’ பிரிவில் அதே மனையில் இயைந்த வடிவில் கூடுதல் கட்டுமானமும் எழுப்பலாம். மூன்றாம் தரத்தில் வெளிமாற்றமும் பொதுவாக ஏற்கப்படும். கட்டடம் உறுதியிழந்துவிட்டால் மறுகட்டுமானத்துக்கும் அனுமதி கிடைக்கக்கூடும். இதன் பொருட்டு வளர்ச்சி உரிமையை இழக்கும் உரிமையாளருக்கு மாற்றத்தக்க வளர்ச்சி உரிமை என்னும் ஈடும் விதியிலேயே உண்டு. தம் மனையில் கட்ட இயலாத பரப்பை வேறிடத்தில் கட்டுவோருக்கு விற்றுப் பணமாக்கிக்கொள்ளும் ஏற்பாடு அது. வணிகவியல் படித்த எங்களுக்கு இந்த ஏற்பாடு எளிதில் பிடிபட்டது. ஆனால் எல்லாக் கணக்கும் இதில் தீர்ந்துவிடவில்லை.

எங்கள் கிளை இயங்கிய கட்டடத்தின் உரிமையாளர் எண்பதை நெருங்கிய பெரியவர். மாதத்தின் முதல் வாரத்தில் வருவார். எங்கள் வங்கி செலுத்திய வாடகை எங்கள் கிளையிலேயே உள்ள அவர் கணக்கில் வரவாகிவிட்டதா என்று பார்த்துச் செல்வார். அந்தத் தொகையைச் சொல்ல நாணமாக இருக்கிறது. கிளையின் மாத மின்கட்டணத்தில் கால் பங்கும் தேறாது. 1947ஆம் ஆண்டின் பம்பாய் வாடகைச் சட்டம், 1940 செப்டம்பர் முதல் நாளில் இருந்த வாடகையை அடிப்படையாகக் கொண்டு நிர்ணயித்த நிலை அது. கூரையில் கசிவு, உத்திரத்தில் கரையான், தாழ்வாரத் தளத்தில் பிளவு என்று அவருக்கு நாங்கள் எழுதிய புகார்க் கடிதங்கள் மட்டும் ஒரு கோப்பு நிறைய இருந்தன. அக்கடிதங்களுக்கு வாங்கிய தாளின் விலைக்கும் அந்த வாடகை ஈடாகுமா என்று அவர் ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார். நாங்கள் விடை சொல்லவில்லை.

பாரம்பரியக் கட்டடங்கள் சிதைவதற்கு உரிமையாளரின் பேராசையைக் காரணம் காட்டுவது வழக்கம். அது பாதி உண்மைதான். பழுதுபார்க்கும் பொறுப்பை விதி உரிமையாளரிடம் விட்டது. அதற்கான வருவாயை வேறொரு சட்டம் உறைய வைத்திருந்தது. காலா கோடா அருகிலுள்ள எஸ்பிளனேடு மாளிகை இதற்குப் பெரிய சாட்சி. இங்கிலாந்தில் வார்த்த இரும்புச் சட்டங்களைக் கப்பலில் கொண்டுவந்து 1860களில் எழுப்பிய வாட்சன் விடுதி அது. 1896 ஜூலை 7 அன்று லூமியேர் சகோதரர்களின் திரைப்படக் காட்சி நடந்ததும் அங்கேதான். பட்டியலில் உயர்ந்த தரமும் அதற்கு உண்டு. இருந்தும் 2005இல் ஒரு பகுதி சரிந்து விழுந்தது. 2019இல் குடியிருந்தோர் அனைவரும் வெளியேற்றப்பட்டனர். தரச்சான்று சுவரைத் தாங்கவில்லை.

1997இல் உச்ச நீதிமன்றம் உறைந்த வாடகை நியாயமற்றது என்று கூறியது. 2000 மார்ச் இறுதியில் நடைமுறைக்கு வந்த புதிய மகாராட்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் ஆண்டுக்கு 4 விழுக்காடு உயர்வை அனுமதித்தது. எங்களைப் பொறுத்தவரை அதைவிட முக்கியமான மாற்றம் ஒன்று அதில் இருந்தது. வங்கிகள், பொதுத்துறை நிறுவனங்கள், ஒரு கோடி ரூபாயும் அதற்கு மேலும் செலுத்தப்பட்ட மூலதனம் கொண்ட நிறுவனங்கள் ஆகியவற்றுக்கு வாடகைப் பாதுகாப்பு இனி இல்லை. அதாவது, பெரியவர் எங்களைக் காலி செய்யச் சொல்லலாம். சந்தை வாடகையும் கேட்கலாம்.

அவர் இரண்டாவதைத்தான் கேட்டார். பேச்சுவார்த்தை நீண்டது, மனக்கசப்பும் இருந்தது. முடிவில் பல மடங்கு உயர்ந்த வாடகைக்குப் புதிய குத்தகை ஒப்பந்தம் கையெழுத்தானது. அதன்பின் அவர் பழுதுபார்ப்புக் கடன் கேட்டு எங்களிடமே விண்ணப்பித்தார். முதல் விண்ணப்பம் திரும்பி வந்தது. மேல்தளங்களில் பழைய வாடகைதாரர்கள் நிறைந்த, இடிக்கவும் இயலாத ஒரு கட்டடத்தை ஈடாக ஏற்றால் அதை யாரிடம் விற்பது என்று மதிப்பீட்டாளர் எழுதியிருந்தார். வங்கிக் கண்ணோட்டத்தில் அதில் பிழையில்லை. அப்போதைய மேலாளர் கோப்பை மூடவில்லை. கட்டடத்துக்கு விலை மதிப்பு இல்லையென்றால் வரவிருக்கும் வாடகைக்கு மதிப்பு உண்டல்லவா என்று கேட்டு, குத்தகை வருவாயை ஈடாகக் கொண்டு கடனை மீண்டும் பரிந்துரைத்தார். நாங்கள் கொடுக்க வேண்டிய வாடகையே நாங்கள் கொடுத்த கடனுக்குப் பிணையாயிற்று.

குழுவின் அனுமதிக்கும் நாள் பிடித்தது. சிமெண்ட் பூசுவது பழைய கல்லுக்குக் கேடு, சுண்ணாம்புக் காரையே வேண்டும் என்று வரைபடம் ஒருமுறை திருத்தத்துக்கு வந்தது. செலவு கூடியது, பெரியவர் சலித்துக்கொண்டார். மழைக்கு முன் சாரம் கட்டி, கரையான் அரித்த உத்திரங்களை மாற்றினார்கள்.

எல்லாப் பகுதியிலும் இத்தகைய உடன்பாடு வாய்ப்பதில்லை. 2012இல் மாநகராட்சி மேலும் எண்ணூறுக்கும் மேற்பட்ட இடங்களைப் பட்டியலில் சேர்க்க முன்மொழிந்தபோது, சிவாஜி பார்க் முதலிய பகுதிகளில் கடும் எதிர்ப்பு எழுந்தது. மின்தூக்கி இல்லாத மூன்று மாடி ஏறும் முதியவர்கள், மறுகட்டுமானத்தால் கிடைக்கும் பெரிய வீட்டை எதிர்பார்த்தவர்கள், அவர்களின் கோரிக்கையை எளிதில் ஒதுக்கிவிட இயலாது. மறுபுறம், ஓவல் மைதானத்தைச் சுற்றிய குடியிருப்போர் தாங்களே முன்னின்று உழைத்ததில், 2018இல் 94 கட்டடங்கள் கொண்ட விக்டோரிய, ஆர்ட் டெகோ தொகுதி உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று. அகமதாபாத்தில் மாநகராட்சி 1996லேயே பாரம்பரியப் பிரிவு ஒன்றைத் தொடங்கி, 2017இல் உலகப் பாரம்பரிய நகரம் என்ற நிலையை எட்டியது.

இத்தகைய பகுதிகளில் வீடோ கடையோ வாங்க எண்ணும் வாடிக்கையாளர்கள், முன்பணம் கொடுப்பதற்கு முன்பே அக்கட்டடம் எந்தத் தரத்தில் உள்ளது, தனிக்கட்டடமாகவா பாரம்பரிய வளாகத்தின் பகுதியாகவா என்பதை மாநகராட்சியில் கேட்டறிவது நலம். “இடித்துக் கட்டினால் இரட்டிப்பாகும்” என்று தரகர் கூறும் விலையில் எங்கள் மதிப்பீட்டாளர் பெரும்பகுதியைக் கழித்துவிடுவார். கடன் தொகையும் அதற்கேற்பவே அமையும். முந்தைய மாற்றங்களுக்கு அனுமதி பெற்ற தாள்கள் இருந்தால் கேட்டு வாங்கி வைக்க வேண்டும். இல்லையென்றால் அதைக் கடன் விண்ணப்பத்தின்போதே சொல்லிவிடுதல் இரு தரப்புக்கும் நல்லது.

எங்கள் நீலப் பலகை கழற்றப்பட்ட நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. பணியாளர்கள் அதைக் கீழிறக்கியபோது இரு வளைவுகளுக்கிடையே, மாலாட் கல்லில் செதுக்கிய ஒரு சிங்கமுகம் வெளிப்பட்டது. ஒரு காதும் பிடரியில் கொஞ்சமும் போயிருந்தன. மீதி நன்றாகவே இருந்தது. அதன் நெற்றியில் எங்கள் பலகையைத் தாங்கிய இரும்பு முளைகள் இரண்டு. பெரியவர் நாற்காலி போட்டு எதிர்ச்சாரியில் அமர்ந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார். தாம் சிறுவனாக இருந்தபோது பார்த்தது என்றார்.

முளைகளைப் பிடுங்கித் துளைகளைக் கற்பொடியும் சுண்ணாம்பும் கலந்து அடைத்த செலவை அவர் எங்களுக்கே அனுப்பினார். எந்தக் கணக்குத் தலைப்பில் எழுதுவது என்று சிறிது விவாதம் நடந்தது. ‘விளம்பரம்’ என்ற தலைப்பில் எழுதினோம். தணிக்கையாளர் எதுவும் கேட்கவில்லை.