மூலை இல்லாத பின்சுவர்

ஏழாம் வகுப்பில் சோழர் பாடம் முடிந்ததும், தாங்கள் பார்த்த கோயில் ஒன்றின் தரைப்படத்தை வரைந்துவரச் சொன்னேன். மாடம்பாக்கத்திலிருந்து வரும் மாணவி ஒருத்தி, கருவறைப் பகுதியின் பின்பக்கத்தை அரைவட்டமாக வரைந்திருந்தாள். சதுரமாக இருக்க வேண்டும் என்று சிவப்பு மையால் திருத்தினேன். "போய்ப் பாருங்க மிஸ், பின்னாடி மூலையே இருக்காது" என்றாள்.

அந்தச் சனிக்கிழமை தாம்பரத்தை அடுத்துள்ள மாடம்பாக்கம் தேனுபுரீசுவரர் கோயிலுக்குச் சென்றேன். இராஜராஜனின் தந்தை சுந்தர சோழர் காலத்துக் கோயில் என்று கூறப்படுகிறது. சுவர்களில் சோழர் காலக் கல்வெட்டுகள், மண்டபத் தூண்களில் பிற்காலச் சிற்பங்கள். கருவறையைச் சுற்றி வந்தேன். மாணவி வரைந்தது சரி. பின்சுவர் அரைவட்டமாக வளைந்து, விமானமும் அதே வளைவில் எழுந்திருந்தது.

பின்னாலிருந்து பார்த்தால் யானையின் முதுகு போலத் தோன்றுவதால் இவ்வடிவத்தைத் தூங்கானை மாடம் என்பர், வடமொழியில் கஜபிருஷ்டம். மாமல்லபுரத்தில் சகாதேவ ரதத்தின் அருகே ஒரு கல் யானையும் நிற்பதால் மாணவர்கள் இரண்டையும் எளிதில் ஒப்பிடலாம். திரிசூலம் கோயிலின் விமானமும் இவ்வகையே.

மூங்கிலையும் மரத்தையும் வளைத்துக் கட்டிய பழைய கட்டடங்களிலிருந்து இவ்வடிவம் வந்தது என்பது அறிஞர் கருத்து. மகாராஷ்டிரத்தின் கார்லே பௌத்தக் குகையும் உள்ளே இப்படித்தான் முடிகிறது. அதன் கல் கூரையில் மர வளைவுகளை இன்றும் காணலாம். ஐரோப்பாவின் பழைய தேவாலயங்கள் பலவற்றிலும் பலிபீடத்தின் பின்சுவர் அரைவட்டம்தான்.

திங்களன்று வகுப்பில் என் தவற்றைச் சொல்லி, மதிப்பெண்ணை மாற்றினேன். பிறகு அனைவரையும் கோயிலுக்கு அழைத்துச் சென்றேன். நேர்ப்பக்கத்தையும் வளைவையும் காலடிகளால் அளந்து தரைப்படம் வரைந்தார்கள். செவ்வகமும் அரைவட்டமும் சேர்ந்த அந்த உருவத்தின் பரப்பளவைக் கணக்கிடுவது எட்டாம் வகுப்புக்கு நல்ல பயிற்சியாயிற்று.

செல்லும் ஆசிரியர்கள் ஒன்றை முன்கூட்டியே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்: எழுத்து தெளிவாகத் தெரிய வேண்டும் என்று கல்வெட்டின்மேல் சுண்ணக்கட்டியோ மாவோ தேய்க்கக் கூடாது. காலையிலோ மாலையிலோ சாய்ந்து விழும் வெயிலில் எழுத்துகள் தாமாகவே தெரியும்.