நாய் பழக்குந் தொழில்

விலங்கினங்களுள் மனிதனோடு முதன்முதல் உறவு பூண்டது நாயேயாம். நாயனையாரது நட்பை யானையனையாரது நட்பினும் மேலாக வைத்துப் பேசுகின்றது நாலடியார். இத்துணைப் பழமையான நட்பையே ஒருவன் தன் ஜீவனத்துக்குரிய தொழிலாகக் கொள்ளுதல் கூடுமோ என்பதை ஈண்டு ஆராய்வாம்.

நோணாங்குப்பம் போன்ற ஊர்களில், சுண்ணாம்பாற்றங்கரையிலும் கடலூர்ச் சாலையோரத்திலும் தெருநாய்களுக்குச் சோறிட்டு, அவற்றிற்குப் பெயருமிட்டு மகிழுஞ் சிறுவர் உளர். பெரியோர் இதனை வீண்பொழுது என்பர். ஆயினும், நாய் எப்பொழுது அஞ்சும், எப்பொழுது சினக்கும், வாலையுஞ் செவியையும் வைத்திருக்கும் நிலைக்குக் கருத்து யாது என்பவற்றை அச்சிறுவர் தம்மையறியாமலே கற்றுவிடுகின்றனர். இத்தொழிலுக்கு இதுவே அரிச்சுவடி.

அன்பு தொழிலானதற்குச் சிறந்த சான்று டாரதி யூஸ்டிஸ் என்னும் அமெரிக்க மாது. அவர் ஸ்விட்ஸர்லாந்தில் ஜெர்மன் ஷெப்பர்டு நாய்களை வளர்த்துப் பழக்கி வந்தார். முதல் உலகப்போரில் கண்ணிழந்த வீரர்க்கு வழிகாட்டுமாறு ஜெர்மனியில் நாய்கள் பழக்கப்படுவதைக் கண்டு, 1927-இல் ஒரு கட்டுரை வரைந்தார். அதன் வாயிலாகச் செய்தியறிந்த மாரிஸ் பிராங்க் என்னும் பார்வையற்ற இளைஞர் 1928-இல் அவரிடஞ் சென்று, வழிகாட்டும் நாயொன்றுடன் தாயகம் மீண்டார். 1929-இல் அமெரிக்காவிலேயே அத்தகைய பயிற்சிப் பள்ளி தோன்றிற்று.

நிற்க, அன்பொன்றே போதுமோவெனின், போதாது. மணியோசை முதலியவற்றை உணவோடு பலமுறை இணைத்தால், பின்னர் அவ்வோசை கேட்ட மாத்திரத்தே நாயின் வாயில் நீரூறும் என்று ருஷ்ய அறிஞர் பாவ்லாவ் காட்டினார். இவ்வாறு இணைத்தறிதலே பழக்குதலின் அடிப்படை. ஏவியதைச் செய்தவுடன், ஓரிரு வினாடிக்குள் பரிசில் அளித்தல் வேண்டும். தாழ்த்தால், எச்செயலுக்கு அது கிடைத்ததென நாய் அறியாது. அழைத்தும் காலந்தாழ்த்து வந்த நாயை அடிப்பவன், அழைத்தால் வருதல் தீது என்றே அதற்குக் கற்பிக்கிறான். பிறந்த மூன்றாம் வாரம் முதல் பன்னிரண்டாம் வாரம் வரை குட்டி பல மனிதரையும் பல ஓசைகளையும் அறிந்து பழகுதல் இன்றியமையாதது. மேலும், வீட்டினர் யாவரும் ஓரேவலுக்கு ஒரே சொல்லை வழங்குதல் வேண்டும். ஆகவே, நாயைப் பழக்குவோன் அதன் உடையாரையும் பழக்கவேண்டியவனாகிறான்.

இத்தொழிலுக்கு நம் நாட்டில் இடமுண்டு. மீரத்திலுள்ள இராணுவக் கால்நடை மருத்துவப் படையின் நிலையத்திலும், குவாலியரை அடுத்த டேகன்பூரில் எல்லைப் பாதுகாப்புப் படையின் பயிற்சி நிலையத்திலும் நாய்களும் அவற்றை நடத்துவோரும் பயில்கின்றனர். வெடிமருந்தை முகர்ந்தறியும் நாயைப் பழக்குவோன் ஒருநாள் சோம்பினும், பின்னொருநாள் ஒரு வீரனது உயிர் போதல் கூடும். 2005-இல் அஞ்சல் தலையில் இடம்பெற்ற இராஜபாளையமும், சிப்பிப்பாறையும் கோம்பையும் நம் தமிழகத்து இனங்களே.

வீடுகளிலும் இவன் செய்யும் உதவி சிறிதன்று. குட்டியை ஆசையால் வாங்கிப் பழக்காது விடுவோர், அது வளர்ந்து கடிக்கத் தொடங்கியதும் சங்கிலியிற் பிணிக்கின்றனர். பின்னர் தெருவில் விடுகின்றனர். தக்க காலத்துப் பயிற்சி அந்நாயின் வாழ்வையும் வீட்டாரது அமைதியையும் ஒருங்கே காக்கும்.

ஆதலின், பிராணிகள்பால் இயல்பாகவே அன்புடைய மாணவர் அதனை நாணத்தக்கதென மறைக்க வேண்டா. அவ்வன்போடு பொறுமையும் அறிவும் சேருமாயின், அது வாயில்லா உயிருக்கும் மனிதருக்கும் பயன்தரும் நற்றொழிலாகும்.